சமையலறையில் இரண்டு கடிகாரங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சமையலறைச் சுவரிலிருந்து கிடைத்தது. மாடி வீட்டுக்கு வந்த பார்சலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைச் சேர்ப்பிக்கப் போனபோது உள்ளே இரண்டு கடிகாரங்கள் பக்கம் பக்கமாகத் தொங்குவதைப் பார்த்தேன். ஒன்று சரியான நேரம் காட்டியது. "இன்னொண்ணு ஏன் இப்படி ஓடுது?" என்று கேட்டேன். "அது எங்க பொண்ணு படிக்கப் போற ஊரு நேரம்," என்றார் அந்த வீட்டு அம்மா. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி சுலபத்தில் வரவில்லை.

"மேகம் மூடிய ஒரு மாலையில் அவள் தன் எதிர்காலத்தை எண்ணி

வேண்டாம். எதிர்காலம் என்று எழுதியதுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

பேக்கரிக்காரரின் மகள் பசையைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டாள். இது பரவாயில்லை. எது எதோடு ஒட்டுகிறது, ஒட்டியது ஏன் ஒருநாள் விட்டுப்போகிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அப்படியொரு வெறி. இரண்டு நாடுகளில் இடம் கிடைத்தது. பக்கத்து நாட்டில் சித்தி இருக்கிறாள். ஆனால் அங்கே பொதுவான வேதியியல்தான். தூரத்து நாட்டில் தெரிந்தவர் என்று ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் பசைக்கென்றே தனி ஆய்வுக்கூடம் இருக்கிறது.

"ஒட்டுறதப் பத்திப் படிக்க இவ்வளவு தூரம் பிரிஞ்சு போகணுமாடி?" என்றாள் அம்மா.

[இந்த வசனத்தை இரண்டு முறை அடித்துவிட்டேன். கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ஆனால் இந்த அம்மா வாய்த்துடுக்கானவள். அடித்தால் என்னிடமே சண்டைக்கு வருவாள். இருந்துவிட்டுப் போகட்டும்.]

3

இனி அப்பா. ஊர் படுக்கப் போகும் நேரத்தில் அவர் பேக்கரிக்குக் கிளம்புவார். காலை ரொட்டியெல்லாம் வண்டியேறிய பிறகு வீட்டுக்கு வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். எழுந்திருக்கும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். வீங்கிய முகத்தோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, டீயை ஊதிக்கொண்டே, "என்ன சேதி?" என்பார். மகள் அன்றைய கதையை ஒன்று விடாமல் சொல்வாள். தோழியோடு போட்ட சண்டை, வாங்கிய திட்டு, எல்லாம். அவர்கள் இருவரும் சேர்ந்து விழித்திருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

தூரத்து நாடு என்றதும் அவர் மறுத்துவிட்டார். "படிப்ப எங்க வேணாலும் படிக்கலாம். சாயங்காலம் நீ பேசலன்னா எனக்கு வேலைக்குப் போகவே தோணாது."

பிறகு ஒருநாள் ஒரு புதுக் கடிகாரத்தோடு வந்தார். தூரத்து நாட்டு நேரத்துக்கு மனக்கணக்காகவே முள்ளைத் திருப்பி வைத்து, பழைய கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"இங்க பாரு. நான் எந்திரிக்கிறப்ப நீ அங்க சாப்பிட்டு முடிச்சு சும்மா உக்காந்திருப்ப. தாராளமா பேசலாம். போயிட்டு வாம்மா."

அந்தக் கடிகாரம் தப்பு. அங்கே நேரம் நமக்குப் பின்னால். அவர் முன்னால் வைத்துவிட்டார். மாவு பிசைந்தால் இத்தனை மணி நேரத்தில் பொங்கும், அடுப்பில் வைத்தால் இத்தனை நிமிஷத்தில் வேகும் என்று ஆயுசு முழுக்கக் கூட்டியே பழகிய மனிதர். மணியைக் கழிக்கவேண்டிய வேலை அவருக்கு வந்ததே இல்லை.

[போனைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். தெரியும். மூட்டை மூட்டையாக மாவுக்கு மனக்கணக்குப் போடுகிறவர் இதற்குப் போய்ப் போனை எடுக்கமாட்டார். மகள் பார்த்திருக்கலாமே? கெஞ்சிக் கூத்தாடிக் கிடைத்த சம்மதத்தை யாராவது தட்டிப் பார்ப்பார்களா?]

4

அவளுக்கு விஷயம் புரிந்தது நேற்றுத்தான். அப்பா வழக்கம்போல் கிளம்பிப் போனபின், தூரத்து நாட்டு ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் வீடியோவில் பேச வந்தார். கடிகாரத்தின்படி அங்கே விடியக்கூட இல்லை. அவர் பின்னாலிருந்த ஜன்னலில் வெயில் பளிச்சென்று அடித்தது. வெளியே பெஞ்சில் யாரோ கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

பேராசிரியர் பிசின்களைப் பற்றி என்ன கேட்டாரோ, இவள் என்ன சொன்னாளோ. பேச்சு முடிந்ததும் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அப்பா டீ குடிக்கும்போது இவள் ஆய்வுக்கூடத்தில் இருப்பாள். இவள் அறைக்குத் திரும்பும்போது அவர் அடுப்பு முன்னால் நிற்பார், பேக்கரிக்குள் போன் கூடாது. இவள் கண் விழிக்கும்போது அவர் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பார்.

[அப்பாவுக்கு வாரம் ஒருநாள் லீவு கொடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் "சாப்பிட்டியா, குளிரா" என்பதெல்லாம் வரும். தோழியோடு போட்ட சண்டை வராது.]

எந்த நாடு என்று நாளைக்குள் பதில் அனுப்பியாக வேண்டும்.

5

முடிவு ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள். அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சித்தி வீட்டுக்கே போயிடேன்மா," என்கிறார். அவள் போகிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள். யார் மேலும் குறை சொல்ல முடியாத ஒரு வருத்தம் அவளோடு வளர்கிறது.

முடிவு இரண்டு: அவள் சொல்லவில்லை. போய் இறங்கிய மறுநாள் அப்பா டீயோடு உட்கார்ந்து கூப்பிடுகிறார். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

முடிவு மூன்று: அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும். மகள் போகட்டும் என்றே தப்பாக மாட்டினார். எழுதியதும் எனக்கே இது ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு கிழித்துப் போட்டேன். அவரைத் தியாகியாக்கிவிட்டால் படிக்கிற நமக்கு நிம்மதி; முடிவெடுக்க வேண்டியவள் தப்பித்துவிடுகிறாள். அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

6

ஆகவே, சாயங்காலம். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மகள் நாற்காலியில் ஏறி அந்தக் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துவிட்டாள். முள்ளைத் திருப்பும் பின்பக்கத் திருகில் விரல் இருக்கிறது. உள்ளே திரை விலகும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அப்பா வந்து மேசையில் உட்கார்கிறார், அவள் நாற்காலி மேல் நிற்பதைப் பார்க்கிறார். அவர் கேட்கப்போவது அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"என்ன சேதி?"

டீ ஆறுவதற்குள் அவளுக்காக நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள்.