பாங்குப் பூட்டு

ஹைதராபாத்தை ஒட்டிய ஜீடிமெட்லாவில் பத்ரிநாராயணனின் மருந்துக் கம்பெனி ஓட வேண்டுமானால் இரண்டு சாவி வேண்டும். வாசல் கேட் சாவி அவரிடம். குடோன் சாவி மங்களத்தின் கைப்பையில். சரக்கை அடமானமாகப் பிடித்துக்கொண்டுதான் பாங்கு கடன் கொடுத்திருந்தது. ஒரு பீப்பாய் வெளியே வர வேண்டுமென்றாலும் பாங்கு ஆபீசர் மங்களம் செகந்திராபாத்திலிருந்து வந்து பூட்டைத் திறந்தாக வேண்டும்.

எண்பத்தாறு ஆகஸ்டில் ஒரு நாள் வந்தவள் பூட்டுப் பக்கமே போகவில்லை.

"முதல்ல தொட்டியைப் பார்த்துடலாம் சார்."

கழிவுநீரைச் சுத்தம் செய்யவென்று பாங்கு தனிக்கடன் கொடுத்துக் கட்டிய தொட்டி அது. பத்ரிநாராயணன் குஷியாகவே கூட்டிப் போனார். வெள்ளையடித்துப் பளபளவென்றிருந்தது.

"ராப்பகலா ஆசிட் தண்ணி இதுலதான் விழறது மேடம். சுண்ணாம்பு கலந்து, அப்புறம்தான் வெளியில விடறோம்."

மங்களம் எட்டிப் பார்த்தாள். உள்ளே தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு கும்பலாக நீந்தின. அவசரமாக வெள்ளையடித்தவர்களுக்குத் தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்துக் கொட்டத் தோன்றவில்லை.

"உங்க ஆசிட்ல தவளை குடித்தனம் பண்றதே சார்."

கூட வந்த குடோன் வாட்ச்மேன் பெருமாள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிய பக்கம், மதிலுக்கு வெளியே, ஓடை மஞ்சளாக நுரைத்து ஏரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏரியில் இப்போது எருமைகூட இறங்குவதில்லை.

"கழிவைத் தொட்டிக்கு ஏத்தற பம்பு எங்கே சார்? அதுக்கும் சேர்த்துத்தானே பணம் வாங்கினேள்?"

"இன்னொரு யூனிட்ல அவசரம், அங்கே மாட்டிட்டேன். நம்ம மனுஷா நீங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போகப்படாதா?"

"நம்ம மனுஷான்னா இன்னும் நன்னாப் பொய் சொல்லியிருக்கலாம். பம்பு வந்து, கழிவு இந்தத் தொட்டியில விழட்டும். அப்புறம் குடோனைத் திறக்கறேன்."

அவர் ஆபீஸுக்குள் போய் பாங்கு மேனேஜர் கோவிந்தராஜனுக்குப் போன் போட்டார். பேசிவிட்டு ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"திறந்து விடும்மா" என்றார் மேனேஜர். "தண்ணி கெட்டா அதைப் பார்க்க வேற டிபார்ட்மென்ட் இருக்கு. நமக்கு வட்டி ஒழுங்கா வருது. உன் பேரு ப்ரமோஷன் லிஸ்ட்ல இருக்கு. இந்த நேரத்துல எதுக்கு வம்பு?"

"தண்ணி அவங்க பார்க்கட்டும் சார். பணம் நம்மது. தொட்டிக்குன்னு கொடுத்தது தொட்டிக்கு வரலையே."

"மேலேர்ந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

இந்த ப்ரமோஷனுக்கு மங்களம் இரண்டு தடவை பரீட்சை எழுதியிருந்தாள்.

"டூப்ளிகேட் சாவி உங்ககிட்டயே இருக்கு சார். நீங்க வந்து திறந்து, தொட்டி வேலை செய்யறதுன்னு உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ. நான் ஓரமா நிக்கறேன்."

மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

பத்ரிநாராயணன் ரிசீவரை வாங்கி, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை கத்திவிட்டு வைத்தார். வாசலில் சரக்கெடுக்கக் காலி டிராலியோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்தவர், லாரி டிரைவரைக் கூப்பிட்டு, இன்னொரு யூனிட்டுக்குப் போய்ப் பம்பைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

"உங்க ப்ரமோஷன் போச்சுன்னு வச்சுக்குங்கோ" என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.

"வச்சுண்டாச்சு" என்று மங்களம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "லாரி எப்போ திரும்பும்?"