உட்கார வைத்தவருக்கே

அந்த சோபா கடையின் மேல்தளத்தில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளரை முதலில் சோபாவில் உட்கார வைத்தது யாரோ, அவருக்குத்தான் விற்பனை. வந்தவர்கள் போய்விட்டு, ஒரு மாதம் கழித்து வந்து வேறொருவரிடம் வாங்கினாலும் சரி. சட்டம் போட்டவள் தளத்தின் மேற்பார்வையாளர்; எல்லோருக்கும் அவள் அக்கா. அதற்கு முன்பு கண்ணாடிக் கதவு திறந்தால் போதும், ஆளாளுக்கு ஓடிப்போய் மறித்துக்கொள்வார்கள். பயந்துபோய் வந்த வழியே திரும்பிய குடும்பங்கள்கூட உண்டு. சட்டம் வந்தபின் சண்டை ஓய்ந்தது. அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை என்றாயிற்று.

ஒரே ஓர் உறுத்தல். விற்பனையாளர்களில் ஒருவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

வெளியூரில் புதுக் கிளை திறக்கப்போவதாகவும், இந்தப் பருவத்தில் அதிகம் விற்பவரே அங்கே தலைமை என்றும் முதலாளி அறிவித்தபோது, தம்பியின் முகம் மலர்ந்ததை அக்கா பார்த்தாள். அந்த ஊரில்தான் அவன் மனைவிக்கு வேலை. மகளும் அங்கேதான். இங்கே அவன் அக்கா வீட்டில் தங்கியிருந்தான். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவான். மகள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் கிளம்பி வந்துவிடுவான். விற்பனையில் அவனுக்குச் சரிக்குச் சரியாக நின்றவன், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு விற்பனையாளன் மட்டும்தான். நெட்டை பேசினால் ஏழு ஊருக்குக் கேட்கும். மற்றபடி கெட்டவன் இல்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் யாரோ கிளப்பிவிட்டார்கள். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சொல்லுவாங்க. இங்க அக்கா உடையான் டார்கெட்டுக்கு அஞ்சான்!" எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தம்பியும் சேர்ந்துதான் சிரித்தான். படியேறி வந்துகொண்டிருந்த அக்காவுக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. பாழாய்ப்போன நல்ல பெயர்! அதைக் காப்பாற்றப் போய்த்தானே மனிதர்கள் பாதி அநியாயத்தைச் செய்கிறார்கள்.

பருவத்தின் கடைசி நாள் தம்பிக்கு வார விடுமுறை. அதுவரை இருவரும் ஏறக்குறைய சமம். அன்றைக்கு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பெரியவருக்கு முதுகுவலி. முன்பு இரண்டு முறை வந்தபோது அவரை ஒவ்வொரு சோபாவாக உட்கார வைத்து, முதுகுக்குத் திண்டு மாற்றி மாற்றிக் கொடுத்தது தம்பிதான். ஒன்றில் அவர் தூங்கியே போனார். எழுப்ப மனமில்லாமல் தம்பி பக்கத்திலேயே காவல் நின்றதைத் தளமே வேடிக்கை பார்த்தது. இப்போது அவர்கள் தங்கள் மகளின் புதுவீட்டுக்கும் சேர்த்து வாங்கினார்கள். பில் போட்டது நெட்டை. அந்த ஒரு பில் யார் கணக்கில் சேருகிறதோ, அவருக்குத்தான் புதுக் கிளை.

"அக்கா, இது யாருக்கு? நீங்களே சொல்லிடுங்க," என்று எல்லோர் முன்னாலும் கேட்டான்.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை கண்களிலும் அவளுக்கு அந்த மதியச் சிரிப்புதான் தெரிந்தது.

"இன்னிக்கு யார் நின்னு வித்தாங்களோ அவங்களுக்கு. உன் பேர்லயே போட்டுக்கோ," என்றாள்.

தான் போட்ட சட்டத்தைத் தானே மிதித்துவிட்டு, நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நிம்மதியில் அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விஷயம் தெரிந்தபோது தம்பி ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த மேசையைத் துடைத்தான்.

புதுக் கிளைக்குக் கிளம்பும் அன்று நெட்டை விடைபெற வந்தான். அவ்வளவு சத்தக்காரனுக்குக் குரலே எழும்பவில்லை.

"அக்கா, அது தம்பியோடதுன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்குமே தெரியும். நீங்க வாயால சொல்லிட்டா பின்னாடி ஒருத்தரும் பேச மாட்டாங்கன்னுதான் கேட்டேன். நீங்க எனக்குன்னு சொன்னதும்... ஆசை யாரை விட்டுச்சு? வாயை மூடிக்கிட்டேன்."

"இப்பவாவது முதலாளிகிட்ட சொல்லேன்டா."

"நேத்தே சொல்லிட்டேன்க்கா. 'உங்க அக்கா சொன்னா சொன்னதுதான்'னுட்டாரு."

மாலை வீட்டில், காய் நறுக்கிக்கொண்டிருந்த தம்பியின் எதிரில் போய் நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேன்டா. தம்பின்னு பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "தம்பின்னு மட்டும்தான்க்கா பாத்த. வேற யாரா இருந்தாலும், யாரு உக்கார வெச்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்ப. எனக்குத்தான் கேக்கல."

அவள் அழுதாள். அவன் அழவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. மகள் தினமும் கூப்பிடும் நேரம். எடுத்துக் காதில் வைத்தவன் கொஞ்சம் கேட்டான், கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "அத்தைகிட்ட பேசு" என்று சொல்லிவிட்டு, போனைக் கையால் பொத்தி அக்காவிடம் நீட்டினான்.

"எப்ப வருவேன்னு கேக்குறா. அந்தக் கிளை எனக்கு இல்லன்னு இன்னும் அவகிட்ட சொல்லலக்கா. என்னால முடியல. நீ சொல்லு."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, அப்பா சட்டையெல்லாம் வைக்க என் அலமாரியில பாதி காலி பண்ணிட்டேன். எப்ப வருவாரு?"

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அத்தை? அத்தை?" என்று குழந்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.