படிக்காமல் அமுக்கிய பொத்தான்

பேருந்து ஓட்டுநருக்கு முதலில் மச்சினன் மேல்தான் சந்தேகம் வந்தது. வராமல் என்ன செய்யும்? புது டிவியைச் சுவரில் மாட்டி, வைஃபையில் சேர்த்துக் கொடுத்தவன் அவன்தானே.

காலை ஷிப்டு முடிந்து ஓட்டுநர் வீடு சேர மூன்று மணி. மனைவி பள்ளி அலுவலகத்திலிருந்து வர ஐந்தரை. நடுவே கதவைச் சாத்திக்கொண்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டு, கண்புரை பற்றி டாக்டர்கள் பேசுவதைப் பார்ப்பார். நாலு மாதமாக வலது கண்ணுக்குள் புகை படர்ந்த மாதிரி இருக்கிறது; இடது கண்ணும் மங்கி வருகிறது. எதிரே வரும் வண்டியின் எண் கரைந்துபோகிறது. இன்னும் மூன்று வாரத்தில் டிப்போவில் கண் பரிசோதனை. தவறினால், இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த இருக்கை வேறொருவருக்கு. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் மனைவி போனைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"என்னங்க, ரெண்டு நாளா என் போன்ல கண் ஆஸ்பத்திரி விளம்பரமா வந்து கொட்டுது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

மச்சினன் டிவிக்குள் எதையோ ஒளித்து வைத்துத் தன்னை வேவு பார்க்கிறான் என்று அவருக்குப் பட்டது. மறுநாள் டிவியின் பின்பக்கம் விரலை விட்டுத் துழாவினார். மேல் விளிம்பில் இருந்த ஊசித் துளையில் பிளாஸ்திரி ஒட்டினார். ஓரத்துச் சிவப்பு விளக்கு மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. 'இருடி, உன்னைக் குழப்பி விடுகிறேன்' என்று குழந்தைத் தாலாட்டுகளை ஓடவிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தார். தினமும் இரண்டரை மணி நேரம் தாலாட்டு. அவருக்கும் நல்ல தூக்கம்.

ஆறாம் நாள் மனைவி தோள்பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள். பின்னால் மச்சினன்.

"தொட்டில், பால் புட்டி, நாப்கின்! மூணு நாளா என் போன்ல இதேதான். நம்ம பையன் மீசை வச்சு வேலைக்கே போயாச்சு. இது யாரு வீட்டுக் குழந்தைக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"விடுக்கா. மாமாவப் பாத்தா அவ்ளோ தெம்பாவா தெரியுது?" என்றான் மச்சினன். "இந்த டிவி, என்ன ஓடுதுன்னு கம்பெனிக்கு ஓதிக்கிட்டே இருக்கும். உன் போனும் அதே வைஃபைதான். விளம்பரக்காரனுக்கு எல்லாம் ஒரே வீடு."

"நீதானடா மாட்டின!" ஓட்டுநர் பாய்ந்தார்.

"மாட்டுனது நான். அனுமதி குடுத்தது நீங்க. 'படிச்சுட்டு அமுக்குங்க மாமா'ன்னு ரிமோட்டக் கையில குடுத்தேனே. தலைய ஆட்டி ஆட்டி அமுக்குனீங்க."

அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிற எறும்புகள். தெரியவில்லை என்று சொல்ல வாய் வராமல், விரல் விழுந்த இடத்தில் அமுக்கியிருந்தார்.

மனைவி ரிமோட்டை வாங்கித் தோண்டித் துருவி அந்தப் பக்கத்தைப் பிடித்தாள்.

"'நான் பார்க்கும் நிகழ்ச்சிகளின் விவரத்தைப் பிறருடன் பகிர ஒப்புக்கொள்கிறேன்.' பளிச்சுனு போட்டிருக்கு. இதப் படிச்சுமா அமுக்குனீங்க?"

அவள் டிவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அடுத்த வரியப் படிங்க பாப்போம்."

அவர் தலையைச் சாய்த்து இடது கண்ணைக் கொண்டு போனார். அப்படியும் எறும்புகள்தான்.

"அந்தக் கண் ஆஸ்பத்திரி..." அவள் குரல் இறங்கிவிட்டது. "அது எனக்கு வந்ததில்ல."

"சொன்னா சீட்டு போயிடும்..."

"காலையில நீங்க ஓட்டுற வண்டியிலதான நானும் ஏறிப் போறேன்?"

அவள் 'மறுக்கிறேன்' என்பதை அமுக்கினாள். அவருக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. பிளக்கையே பிடுங்கிப் போட்டார். சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் டிப்போவுக்குப் போன் செய்தார்.

"சார், நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளப் போடுங்க. எனக்குக் கண்ணு சரியில்ல."

"என்னய்யா முணுமுணுக்கற? ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு!"

ஓட்டுநர் கறுத்துக் கிடந்த டிவியை ஒரு தரம் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.