பக்கம் முடியும் வரை

காஜா அக்காவுக்கு வெண்கலக் குரல். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் உட்கார்ந்ததால் வந்த பெயர் அது. குரலைக் கேட்ட முதலாளி, காலை ஜெபத்தில் வேதம் வாசிக்கும் வேலையையும் அவள் தலையில் கட்டிவிட்டார். தினமும் ஒரே பகுதிதான்: வேலைக்காரர்கள் எஜமானுக்குப் பயந்து கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலன் எழுதியது. அங்கிருந்த பழைய வேதாகமத்தில் வலதுபக்கத்தின் அடியில் அது முடியும். "பக்கம் முடியுற வரைக்கும் வாசி, போதும்" என்பது உத்தரவு. பிறகு ஆமென், பிறகு நாற்பது மெஷினும் கடகடக்கும்.

முதலாளி பக்திமான்தான், யார் இல்லை என்றது? கடல் கடந்து வேலைக்கு வந்த நாற்பது பெண்களின் பாஸ்போர்ட்டையும் "பத்திரமா இருக்கட்டும்" என்று தன் அலமாரியில் பூட்டி வைக்கும் அளவுக்கு அக்கறை வேறு. ஊரில் காஜா அக்காவின் மகளுக்கு நிறைமாதம். மூன்று முறை பாஸ்போர்ட்டைக் கேட்டாள். "இந்த ஆர்டர் முடியட்டும்மா" என்றார், மூன்று முறையும். ஆர்டர் என்றைக்கு முடிந்தது?

அன்று கம்பெனிக்குப் பத்தாவது ஆண்டு. போதகரை வரவழைத்து, தங்க விளிம்பு போட்ட புது வேதாகமத்தை அக்கா கையில் கொடுத்தார் முதலாளி. பொடி எழுத்து. வழக்கமான பகுதி முடிந்தது, பக்கம் முடியவில்லை. பழைய புத்தகத்தில் யாரும் புரட்டிப் பார்க்காத மறுபக்கத்து வரி இங்கே கீழேயே இருந்தது. அதில் கண் பட்டதும் முதலாளியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

உத்தரவுப்படி பக்கம் முடியும் வரை வாசித்தாள். எஜமான்கள் வேலைக்காரருக்கு நியாயம் செய்ய வேண்டும், அவர்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் இருக்கிறார் என்றது அந்த வரி.

நாற்பது பேரும் போட்ட ஆமெனில் தகரக் கூரை அதிர்ந்தது.

முதலாளி சிரித்து மழுப்பப் பார்த்தார். "அதெல்லாம் அந்தக் காலத்து அடிமைங்க விஷயம்மா. நமக்கில்ல."

"அப்ப நான் ரெண்டு வருஷமா வாசிச்சதும் அவங்களுக்குத்தானே, முதலாளி?"

போதகர் இருமினார். ஒரு மெஷினும் ஓடவில்லை. வாசலில் சரக்கு லாரி காத்துக்கொண்டிருந்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார். "சரி சரி, உன்னோட பாஸ்போர்ட்ட மட்டும் வாங்கிட்டுப் போ."

மகள் முகம் கண்முன் வந்தது. வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். வேதாகமத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"எல்லாரோடதும் எடுங்க. நானே வாசிச்சுக் குடுத்துடுறேன்."

பாஸ்போர்ட் கட்டு மேசைக்கு வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து, அப்பா பெயரோடு முழுப்பெயரையும் வாசித்தாள். நெட்டை என்றும் குள்ளி என்றும் கூப்பிடப்பட்டவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து வாங்கினார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடைசியில் இருந்தது அவளுடையது. இங்கே யாரும் கூப்பிட்டிராத பெயர். அதையும் வாசலில் நின்ற லாரிக்காரனுக்குக் கேட்கும்படி வாசித்தாள். "இருக்கேன்" என்று பதிலும் அவளே சொன்னாள்.