நான்காம் வரைவு

இரண்டு கோப்புகளையும் திரையில் அருகருகே திறந்து வைத்துவிட்டு ஜெகதீஸ்வரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இடப்பக்கம் முதல் வரைவு, வலப்பக்கம் நான்காம் வரைவு. இடப்பக்கம் எழுதியிருந்தவள் அவளுக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆச்சரியக்குறிகளை வாரி இறைத்திருந்தாள். ‘சொல்ல வார்த்தைகளே இல்லை’ என்று எழுதிவிட்டு அதன் பிறகு இரண்டு பக்கம் சொல்லியிருந்தாள். ஆனால் அவளிடம் பயம் இல்லை. மனத்தில் வந்ததை வந்தபடி போட்டிருந்தாள். வலப்பக்கம் இருந்தவள் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறவள். வாக்கியங்கள் சின்னவை. ஒன்றில்கூட அழுகை இல்லை. படிக்கிறவர்கள் அழுதார்கள்.

ஜெலுத்தோங்கில் ஒரு பல் கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற வேலை அவளுக்கு. சனிக்கிழமைகளில், டவுனில் ஒரு தனியார் கல்லூரி நடத்தும் எழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே நினைவுக் கட்டுரையை நான்கு முறை எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். நினைவுக் கட்டுரை என்றால் நடந்தது மட்டும்தான் என்று விரிவுரையாளர் ஸ்ரீநிதி முதல் நாளே சொல்லியிருந்தாள். ஸ்ரீநிதி ஜெகாவைவிட இளையவள். யாரையும் பாராட்டமாட்டாள், யாரையும் திட்டமாட்டாள். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதித் தருவாள்.

இப்போது கடைசி வேலை ஒன்று கொடுத்திருந்தாள். முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் நடுவில் மாறிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது எப்படி மாறியது என்று எழுதுங்கள், நீங்கள் எங்கே வளர்ந்தீர்கள் என்பது அதில் தெரியட்டும். கட்டுரையும் இந்தக் குறிப்பும் சேர்ந்து ஒரு புத்தகமாக வரும். நிறைவு நாளுக்குக் குடும்பத்தோடு வர வேண்டும். குறிப்பை நாளைக்குள் அனுப்பியாக வேண்டும்.

மாறிய வாக்கியத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அது இரண்டு கோப்பிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தது.

“ஜெகா” என்று அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “உங்கப்பா அத எந்த எடத்துல கேட்டாரு? டத்தோ கிராமாட் லைட்டுக்கு முன்னயா, தாண்டியா?”

ஜெகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லைட்டுக்கிட்ட.”

“சிவப்பு விழுந்திருந்துச்சா?”

“ம்.”

“அதான். வண்டி நின்னாத்தான் அவருக்குப் பேச்சு வரும். பஸ் ஓட்டுன பழக்கம் லா.”

அம்மா திருப்தியோடு எதையோ கிளறினாள். ஜெகா இப்போது ஒரு சிவப்பு விளக்கையும் கொடுத்துவிட்டாள். போன வாரம் குரலைக் கொடுத்திருந்தாள். கோபமாகக் கேட்டாரா என்று அம்மா கேட்டபோது, இல்லை, மெதுவாக என்று சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின வாரம் முகத்தை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார் என்று. ஒவ்வொன்றையும் சொன்ன பிறகு அவளால் அதைப் பார்க்க முடிந்தது. அதுதான் விசித்திரம். அன்றைக்கு அந்த விளக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் இனிமேல் அது சிவப்பு.

நடந்தது இவ்வளவுதான். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, தன் மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்து தட்டு வைத்து அழைக்கவில்லை. வாட்ஸப்பில் பத்திரிகையை அனுப்பினாள். அம்மா போகமாட்டேன் என்றாள். அப்பா போனார். தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பையில் பலகாரமும் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது. சாப்பாடு மேசையில் இருக்கும், அவர் சாப்பிடுவார். அப்படியிருக்கையில் ஒரு நாள் காலையில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. லைசென்ஸ் எடுத்துச் சில மாதங்களே ஆன ஜெகா அவரை வீட்டின் பழைய சின்னக் காரில், அந்தக் கஞ்சில் காடியில், ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாமிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா கூட வரவில்லை. அன்றைக்கு மத்தியானமே அப்பா போய்விட்டார்.

“அவ காடியிலகூட ஏறல” என்று அத்தை இரண்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அதை மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

போகும் வழியில் அப்பா ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். முதல் வரைவில் அது அப்படியே இருந்தது. ‘கிளட்ச்லேருந்து கால எடு’ என்றார் அப்பா!!

இதை வகுப்பில் படித்தபோது ஹைதர் அண்ணன்தான் முதலில் சிரித்தார். சூலியா ஸ்ட்ரீட்டில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவர். சிரிப்பு வரும்படி எழுதுவார், மற்றவர்கள் எழுதியதற்கும் சிரிப்பார்.

“கடைசி நேரத்துலயும் உனக்கு டெஸ்ட் எடுத்துட்டுத்தான் போயிருக்காரு உங்கப்பா” என்றார். “பாஸா, ஃபெயிலா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஜெகாவும் சிரித்தாள். அடுத்த வரைவில் அந்த வரியை எடுத்துவிட்டாள். அந்த வரைவு திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘இவ்வளவு தூரமும் இவர் பேசவே இல்லையா?’ மூன்றாவதில் ஒன்றும் சரியாக வரவில்லை. நான்காவதைக் கிளினிக்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினாள். பல் பிடுங்கிக்கொண்ட ஒரு கிழவர் பஞ்சைக் கடித்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தார். கை தானாக எழுதியது. ‘அம்மா பசியாறிட்டாளா?’ என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அதை எழுதியபோது பொய் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பல நாள் தேடிய சாவி பைக்குள்ளேயே கிடந்தது போல இருந்தது. அந்தச் சனிக்கிழமை அவள் படித்து முடித்ததும் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி நூர் ஃபாத்திஹா கைக்குட்டையைத் தேடினாள். ஹைதர் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். தாளின் ஓரம் முதல் தடவையாகக் காலியாக வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் செய்ததுதான் தப்பு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படிக்கக் கொடுத்தாள்.

அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். விரலை வைத்துப் படித்தாள். அந்த வரியில் விரல் நின்றது. பிறகு தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“இத நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஜெகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வாக்கியம் உள்ளேயே நின்றுவிட்டது.

போன மாதம் அப்பாவுக்குத் திதி. படையல் போட்டார்கள். இலையில் மீன் கறி, கோழிப் பிரட்டல், ஓரத்தில் அவர் குடிக்கும் ஸ்டவுட் பீர், ஒரு பெட்டி சிகரெட். போன வருடம் வரைக்கும் படையல் இலையில் உட்கார அம்மா யாரையாவது கூப்பிடுவாள். தான் மட்டும் உட்காரமாட்டாள். இந்த முறை காக்கைக்கு வைத்துவிட்டு வந்ததும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அத்தை வாசற்பக்கம் நின்றிருந்தாள்.

“என்ன பாக்குறீங்க? நான் பசியாறிட்டேனான்னு கேட்டுட்டுப் போன மனுசன். அவரு இலையில நான் சாப்புடாம யாரு சாப்புடுவா?”

அம்மா நிதானமாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். இலையை மடித்தபோது ஒரு பக்கம் இளைத்துப்போனவள் மாதிரியும் ஒரு பக்கம் வயது குறைந்தவள் மாதிரியும் இருந்தாள்.

ஜெகா நாற்காலியில் சாய்ந்தாள். குறிப்பை வேறு மாதிரியும் எழுதலாம். ஆச்சரியக்குறிகளை எடுத்ததைப் பற்றி எழுதலாம். அதுவும் வளர்ச்சிதான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. நிறைவு நாளில் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்து அந்த வரிக்காகக் காத்திருப்பாள். வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு கேள்வி கேட்பாள். அதற்கும் ஒரு பதில் கொடுக்க வேண்டியிருக்கும். இப்படியே கொடுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் அந்தக் காடியில் உண்மையான அப்பா உட்கார இடம் இருக்காது. ஏற்கெனவே அவருடைய குரல் சரியாகக் காதில் விழவில்லை. ‘கிளட்ச்லேருந்து கால எடு’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அது தன் குரலாகத்தான் கேட்டது.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அம்மா வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா. அது அவரு கேக்கல.”

“எது?”

“பசியாறிட்டாளான்னு. அது நான் எழுதுனது. அவரு அப்படிக் கேக்கல.”

அம்மா சட்டியைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அணைத்தே விட்டாள்.

“எதுக்கு எழுதுன?”

“தெரியல. நல்லா இருந்துச்சு.”

“நல்லா இருந்துச்சு” என்று அம்மா திருப்பிச் சொன்னாள், ஏதோ புதிதாகக் கடைக்கு வந்திருக்கும் சாமானின் பெயரைச் சொல்வது போல. “நான் உக்காந்து சாப்புட்டேனேடி. எல்லாரும் பாக்க.”

ஜெகாவால் நிமிர முடியவில்லை. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கினார்கள், அது கிளம்பவில்லை, மறுபடியும் முடுக்கினார்கள்.

“அப்ப என்னதான் சொன்னாரு?”

“கிளட்ச்லேருந்து கால எடுன்னாரு.”

அம்மாவின் முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்று ஜெகா நினைத்தாள். அம்மா அழவில்லை. எதையோ எட்டிப் பிடிக்கப் பார்ப்பவள் போலப் புருவத்தை நெரித்துக்கொண்டு நின்றாள்.

“அதான் காடி அப்படிக் குலுங்குச்சா.”

“எப்ப?”

“பார்க்கிங்ல இருந்து நீ எடுக்கறப்ப. தவள மாதிரி குதிச்சுக் குதிச்சுப் போச்சு.”

“நீ எங்க பாத்த? நீ வீட்டுலதானே இருந்த?”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்...” ஜெகா நிறுத்திக்கொண்டாள். எல்லாரும் சொன்னார்கள். அவளும் நான்கு தடவை எழுதினாள். நான்கு வரைவிலும் அம்மா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். “ஏன்மா என்கிட்டச் சொல்லல?”

“நீ கேட்டியா? எழுதுறவ நீதானே. அவருக்கு வாய் வச்சு எழுதத் தெரியுது. பக்கத்து ரூம்புல இருக்கறவ வாயத் தொறந்து கேக்கத் தெரியல.”

“இப்ப கேக்குறேன்.”

“எழுதுறதுக்குக் கேக்குறியா?”

ஜெகா யோசித்தாள். இதற்கும் அழகான பதில் ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. “தெரியலம்மா” என்றாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கிரில் கதவைத் திறந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு எங்கோ போகிறாள் என்று நினைத்து ஜெகா பின்னாலேயே ஓடினாள். அம்மா லிஃப்டைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். பதினோராவது மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முழங்கால் வலிக்காரி. ஜெகா இரண்டு படி பின்னால் வந்தாள். சுவரில் யாரோ பழுதுபார்ப்பவர்கள் தங்கள் கைப்பேசி எண்ணை அச்சு வைத்து அடித்திருந்தார்கள். ஒரு மாடியில் ஊதுபத்தி வாசனை, அடுத்ததில் கருவாடு பொரிகிற வாசனை.

ஆறாவது மாடியைத் தாண்டியதும் இரண்டு படி இறங்கி அம்மா நின்றாள்.

“இங்கதான்.”

“இங்க என்ன?”

“லிஃப்டு வரல. ஓடி வந்தேன், அவரோட ஐசி கார்ட எடுத்துக்கிட்டு. அத மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டாரு. இங்க வந்ததும் உக்காந்துட்டேன்.”

“கால் வலிச்சுதா?”

“இல்ல.”

அம்மா படியில் உட்கார்ந்தாள். அங்கே சுவர் முழுக்கக் காற்றுக்காக ஓட்டை விட்ட கற்கள். ஓட்டைகளின் வழியாகக் கீழே பார்க்கிங் தெரிந்தது, துண்டு துண்டாக.

“கூப்புடட்டுமேன்னு உக்காந்தேன்” என்றாள். “ஒரு தடவ மேல பாத்துக் கூப்புட்டா எறங்கிப் போயிடலாம்னு. காடி கெடந்துச்சு. நீ அவர ஏத்திட்டிருந்த. நேரம் இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். ஜெகாவுக்குக் கேட்க நிறைய இருந்தது. மேலே பார்த்தாரா, அந்த அடையாள அட்டையை என்ன செய்தாய், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய். எந்தக் கேள்விக்கும் தன்னிடம் பதில் தயாராக இல்லை என்பது புதிதாக இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எட்டாவது மாடிச் சீனக் கிழவர், ஒவ்வொரு கையிலும் ஒரு பை, ஒன்றிலிருந்து வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது.

“லிஃப்ட் ரோசாக் லாகி?” என்றார், லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போய்விட்டதா என்று.

“தாக் லா அங்கிள். டுடுக் சஹாஜா” என்றாள் அம்மா. சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தலையை ஆட்டினார். அம்மா அவருக்கு வழிவிடக் காலை மடக்கிச் சுவரோரம் நகர்ந்தாள். அவர் ஏறிப் போன பிறகும் அவள் நகர்ந்த இடத்திலேயே இருந்தாள். படியில் அவள் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு சிமெண்டு தெரிந்தது. கல்லின் ஓட்டைகள் வழியாக வெயில் சின்னச் சின்னக் கட்டமாக அதில் விழுந்திருந்தது.