கண்ணாடி வருது

வெந்நீர்ச் சட்டி கையிலிருந்து நழுவியபோது குழந்தை கட்டிலில் இருந்தான். அது ஒன்றுதான் ஆறுதல். அடுப்படியிலிருந்து குளியலறைக்குத் திரும்பும் இடத்தில் அவள் வலது காலை ஊன்றினாள். இடுப்புக்குள் ஏதோ இடம் மாறியதுபோல் சுரீர் என்றது. அடிவயிற்றுக்குக் கீழே எலும்போடு எலும்பு உரசியது. கால் அவள் காலாக இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். சட்டி உருண்டது. வெந்நீர் ஆவி பறக்கத் தரையில் ஓடி, அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

சற்று முன்னால் அதே இடத்தில், அதே காலை ஊன்றித் திரும்பியபோது, அவள் கையில் இருந்தது சட்டியில்லை. பட்டாணி. பிறந்தபோது முகம் அப்படி உருண்டையாக இருந்ததால் வீட்டில் குழந்தைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு மாமியார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, சட்டிக்குப் பறக்கணும்னு ஆசை வந்துடுச்சா?"

"கை வழுக்கிடுச்சு அத்தை."

கையின் மேல் பழியைப் போட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது.

நின்றபடி பிள்ளையைத் தூக்குவதை அன்றோடு நிறுத்தினாள். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, அவனைக் கொஞ்சம் குடுங்களேன்" என்பாள். பால் கொடுத்து முடிந்ததும், "அத்தை, வாங்கிக்கறீங்களா?" என்பாள். கணவன் பேருந்து ஓட்டுகிறவன். விடிவதற்குள் போய்விட்டு அலுத்துக் களைத்து வருவான். அவன் வந்ததும் வராததுமாக, "உங்க பிள்ளை உங்களையே தேடறான்" என்று அவன் கையில் திணித்துவிடுவாள். அவனும் பூரித்துப்போய்த் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் வண்டி ஓட்டுவான்.

மாமியாருக்குக் கண் இல்லையா, காது இல்லையா? வெளியூரில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார், மருமகள் காதில் விழட்டும் என்றே.

"இங்க ஒரு மகாராணி இருக்காங்க. பிள்ளையைக் கைக்குக் கொண்டுவந்து தரணும், கையிலேருந்து வாங்கிக்கணும். பால் குடிக்கிற வேலையையாவது பட்டாணியே பார்த்துக்கறானே, அதுவரைக்கும் பரவாயில்ல."

மறுமுனையில் நாத்தனார் சொன்னதும் சத்தமாகவே கேட்டது. "முடியலன்னா சொல்லச் சொல்லும்மா. ஆறு மாசம் எங்கிட்ட விடட்டும். நான் பார்த்துக்கறேன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் கால் நிற்கவில்லை என்று வாயைத் திறந்தால் பிள்ளை ஊரைத் தாண்டிப் போய்விடுவான். திறக்காவிட்டால் ஒருநாள் கையிலிருந்து போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வலி மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. தையல் நன்றாக ஆறிவிட்டது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியாயிற்று. ஆனால் கீழ்முதுகில் ஆணி அடித்தாற்போல் ஒரு இடம். படுக்கையில் புரளும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் புரள வேண்டும். ஒற்றைக் காலில் நின்று உள்பாவாடையை மாட்டினால் இடுப்பு இரண்டாகப் பிளப்பதுபோல் இருக்கும். எதிர்வீட்டுக்காரி வேறு, "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அது ஆயுசுக்கும் விடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆயுசுக்கும் என்ற அந்த ஒரு சொல் இரவெல்லாம் காதுக்குள் ரீங்காரமிட்டது.

அவள் வேலை செய்தது கண்ணாடிக் கடையில். ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்து அறுத்துக் கொடுக்கும் கடை. ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்குகிற ஒரே பெண் அவள்தான். சேர்ந்ததிலிருந்து ஒன்றைக்கூட உடைத்ததில்லை என்பதால் 'உடையாத அக்கா' என்றே அங்கே பெயர். அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணாடியைத் தூக்கினவர், தூக்கின உடனே "கண்ணாடி வருது" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டால் முதலாளியே ஆனாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். கண்ணாடி உடைந்தால் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். குரல் கொடுக்காமல் தூக்கினால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்.

எந்த உயரத்திலிருந்து எது விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. பட்டாணியை யார் தூக்கினாலும் அவள் கண் முதலில் தரையைத்தான் பார்த்தது.

அன்று காலை மாமியார் கண் பரிசோதனைக்குக் கிளம்பினார். "மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் மகாராணியே ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கணும்" என்று செருப்பை மாட்டினார். கதவைத் தாழ்போட்டுவிட்டு அவள் சுவரைப் பிடித்தபடி கட்டிலுக்கு வந்தாள்.

யோசித்து ஒரு வழி செய்தாள். கட்டிலிலிருந்து மெத்தையைச் சரித்து, பிள்ளையையும் மெத்தையையும் சேர்த்து மெல்லத் தரைக்கு இழுத்தாள். துணி, தண்ணீர், துண்டு எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். தரையில் இருப்பவன் தரையில் விழ முடியாது. பட்டாணி பால் குடித்துவிட்டு, கூரையைப் பார்த்து யாரிடமோ சிரித்தான். அவளுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது அழைப்புமணி அடித்தது.

எழ முயன்றாள். வெகுநேரம் தரையில் உட்கார்ந்த இடுப்பு இறுகிப்போயிருந்தது. ஒரு முழங்காலை ஊன்றியதுமே இடுப்பின் முன்னெலும்பில் அந்த உரசல். மீண்டும் மணி. பட்டாணி திடுக்கிட்டு வீறிட்டான். தூக்கிக்கொண்டு போக முடியாது. விட்டுவிட்டு நடக்கவும் கால் இல்லை. அவள் இரண்டு கையையும் ஊன்றினாள். கூடத்தைத் தவழ்ந்தே கடந்தாள். கதவைப் பிடித்து முழங்காலில் நிமிர்ந்து தாழ்ப்பாளை எட்டி இழுத்தாள்.

வெளியே மாமியார். பழைய மருந்துச் சீட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். கதவு திறந்ததும் எதிரில் முகம் இல்லை. கீழே பார்த்தால் மருமகள் முழங்காலில் நிற்கிறாள்.

"என்னடி இது?" மாமியார் குனிந்தார். "விழுந்துட்டியா?"

"இல்ல அத்தை. விழுந்துடக் கூடாதேன்னுதான்."

மாமியார் பையைப் போட்டுவிட்டு முதலில் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். பிறகு அவனையும் வைத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டி, கால், எதிர்வீட்டுக்காரி, நாத்தனார் வீடு. ஒன்றை ஒளித்தால் இன்னொன்று வெளியே வந்தது.

"சொன்னா பிள்ளையை அனுப்பிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

மாமியார் பட்டாணியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இவனை யாரு அனுப்பப்போறா? உன்னைச் சோம்பேறின்னு நான் தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேனே. இப்ப ஒவ்வொரு வீடாப் போய்த் திருப்பி வாங்கணும்." மூக்கை உறிஞ்சினார். "என் கண்ணை அப்புறம் காட்டிக்கலாம், அது எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல உன் இடுப்பைக் காட்டலாம், எழுந்திரு. இல்ல, நீ எழுந்திருக்காத. நான் ஆட்டோ கூட்டிட்டு வரேன்."

மருத்துவமனையில் மருத்துவர் பார்த்துவிட்டு இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா, காய்ச்சல் உண்டா, தையலில் நீர் கசிகிறதா? அப்படித் தொந்தரவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் தன் கேள்வியைக் கேட்டாள்.

"முதுகுல போட்ட ஊசிதானே? இது ஆயுசுக்கும் இருக்குமா?"

"ஊசி போட்ட இடம் கொஞ்ச நாள் வலிக்கும். இவ்வளவு நாள் கழிச்சும் ஊசி மேல பழி போடாதீங்க. பிள்ளையைச் சுமந்தப்பவே இடுப்பு மூட்டெல்லாம் தளர்ந்திருக்கு, வயித்துத் தசையும் இன்னும் தேறல. எப்படிப் பிள்ளையைத் தூக்குவீங்க? இதை வெச்சுக் காட்டுங்க." ஒரு தலையணையைக் கட்டிலில் வைத்தாள்.

அவள் குனிந்து எடுத்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தலையணையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தாள். இடுப்பை முறுக்கித் திரும்பினாள்.

"ஏன் இவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீங்க?"

"தையல்ல உதைச்சுடுவானோன்னு."

"என்ன வேலை பார்த்தீங்க?"

"கண்ணாடிக் கடை."

"பெரிய கண்ணாடியை இப்படித்தான் தூக்குவீங்களா?"

"இப்படித் தூக்கினா என்னாகறது? உடம்போட ஒட்டிப் பிடிக்கணும். இடுப்பைத் திருப்பக் கூடாது, பாதத்தைத்தான் எடுத்து வெச்சுத் திரும்பணும். குனியாம முழங்காலை மடக்கி..."

பாதியில் நிறுத்தினாள். கையில் இருந்த தலையணையைப் பார்த்தாள். மெல்ல அதை மார்போடு சேர்த்தாள்.

"இடுப்புக்கு ஒரு பெல்ட் தரேன்" என்றாள் இயன்முறைப் பெண். "மூச்சை விட்டுட்டே அடிவயித்தை உள்ள இழுக்கற பயிற்சி. புரளும்போது ரெண்டு முட்டியும் ஒட்டி இருக்கணும். துணியை உட்கார்ந்து மாட்டுங்க. மாடிப்படியில இப்போதைக்குப் பிள்ளையைத் தூக்க வேண்டாம். வாராவாரம் வாங்க. கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியலன்னாலோ வாரத்துக்குக் காத்திருக்காம உடனே வரணும்."

"விழ மாட்டேனே?"

"விழவே மாட்டீங்கன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாதும்மா. குறையும். அதுவரைக்கும் ஆளை வெச்சுக்கிட்டுத் தூக்குங்க."

பெல்ட் கட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பயமும் அப்படியே இருந்தது. சில வாரம் பயிற்சி செய்த பிறகு, ஒரு சாயங்காலம், கட்டிலருகே வந்து நின்றாள். பட்டாணி கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அத்தை, பின்னால வந்து நில்லுங்க. பிடிக்க வேண்டாம். கையை மட்டும் பக்கத்துல வெச்சிருங்க."

"வெச்சிருக்கேன். நிதானமாத் தூக்கு."

முழங்காலை மடக்கினாள். பிள்ளையை மார்போடு ஒட்டவைத்தாள். மூச்சை விட்டபடி நிமிர்ந்தாள். இடுப்பில் அந்த ஆணி ஒருமுறை சுருக்கென்றது. கால் நடுங்கியது. நடுங்கினாலும் கால் அங்கேயே இருந்தது. பட்டாணி அவள் தையலில் ஓர் உதை கொடுத்தான், ஒன்றும் ஆகவில்லை.

சட்டி விழுந்த அந்தத் திருப்பம் எதிரே இருந்தது. அதைத் தாண்டினால் கூடம். கூடத்தில் கணவன் வழியை அடைத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

அவள் குரல் கொடுத்தாள்.

"கண்ணாடி வருது."

அவன் விழித்தான். "என்ன வருது?"

"நாற்காலியை எடுடா" என்றார் மாமியார் பின்னாலிருந்து. "காது கேக்கலையா உனக்கு?"

அவன் துள்ளி எழுந்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்தான். அவள் வலது பாதத்தை எடுத்து வைத்தாள். பிறகு இடது பாதத்தை. பாதத்தால் திரும்பினாள்.