கிணற்றுப் படமும் ஒன்பது வீட்டுப் பட்டியலும்

"மே மாசத்துப் படம் என்கிட்டதான் இருக்குன்னு சுரங்கத்து சூப்பர்வைசருக்கு யாருடி சொன்னா?"

வண்டியை விட்டு இறங்காமலே கேட்டாள் ஜெயசுதா. பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கவிதா, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

"நான் சொல்லலக்கா."

"பட்டியல் போட்டவ நீ. உனக்குத் தெரியாம எப்படி?"

அரியலூர்ப் பக்கம் அவர்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஆழமாகப் போகப்போகக் கிணறுகள் வற்றின. ஒன்பது வீட்டார் வாராவாரம் கிணற்றைப் படமெடுத்தார்கள். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே ஆள் அழித்துவிடுவான் என்று, படங்கள் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. எந்தப் படம் எந்த வீட்டில் என்று காட்டும் பட்டியல் மட்டும் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இருந்தது. சுரங்கம் ஆழமாகுமுன் மே மாசக் கோடையிலும் தண்ணீர் தளும்பிய கிணற்றுக்கு ஜெயசுதாவிடம் இருந்த படம் ஒன்றே சாட்சி.

"படத்த அழிச்சிட்டா என் வூட்டுக்காரருக்கு வேலை நிலைக்கும்ங்கறான் அந்த சூப்பர்வைசர். அவரு அங்கதானே லாரி ஓட்டுறாரு?"

கவிதா பட்டியலைத் திறந்தாள். பத்துப் பெயர்கள்.

"இந்த அமிர்தவல்லி யாருக்கா?"

"நம்ம ஒன்பது வூட்டுல இளையபெருமாள் அண்ணனோட சம்பந்தி இல்ல?"

"அவரு ஒருநாள் பேச்சுவாக்குல உங்க பக்கத்து ஒறவுன்னாரு."

இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவர் உறவென்று நினைத்து, கேட்டால் மரியாதை இல்லை என்று விட்டிருந்தார்கள்.

"அப்ப இவ வழியாத்தான் சூப்பர்வைசருக்குப் போயிருக்கு. இவள உள்ள விட்டது யாரு?"

"நம்ம ஒன்பது பேர்ல ஒருத்தர்தான் விட முடியும். யாருன்னு பட்டியல்ல பதிவாகாது. அத நான் யோசிக்கல."

"தூக்கிடு அவள."

"புதுப் பட்டியல் தொடங்கி இனிமே வராம தடுக்கலாம். அவங்ககிட்ட போன பட்டியல அழிக்க முடியாதுக்கா. யாராலயும் அழிக்க முடியக்கூடாதுன்னுதானே இப்படிக் கட்டுனோம்?"

"நல்லாக் கட்டுன போ!" என்றாள் ஜெயசுதா. "அப்ப என் படத்த ஒன்பது வூட்டுலயும் வையி. பட்டியல்ல அதுக்கு நேரா ஒன்பது பேரு பேரும் நிக்கட்டும். நான் மட்டும் அழிச்சு என்ன ஆகும்? எத்தன வூட்டுல போயி மெரட்டுவான்?"

எல்லாருக்கும் போன் செய்தார்கள். எல்லாரும் சரி என்றார்கள்.

மறுநாள் பகலில் ஜெயசுதா பட்டியலைப் பார்த்தாள். படத்துக்கு நேராக எட்டுப் பெயர்கள் ஏறியிருந்தன. இந்த வேலையை ஊரில் முதலில் தொடங்கிவைத்த காசிநாதன் பெயர் மட்டும் இல்லை. அவருக்குப் போன் செய்தாள்.

"மாமா, உங்க வூட்டுக்கு மட்டும் படம் வந்து சேரலையே?"

"காலையிலேருந்து கரண்டு இல்லம்மா."

அவர் குரலுக்குப் பின்னால் டிவியில் ஒருத்தி மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மாமா. வந்ததும் போடுங்க."

போனை வைத்துவிட்டுக் கவிதாவை அழைத்தாள்.

"புதுப் பட்டியல்ல ஒரு கட்டம் கூடப் போடுடி. யாரு யாரை உள்ள விட்டாங்கன்னு."

"யாரு மேலயாவது சந்தேகமாக்கா?"

"நீ கட்டத்தப் போடு."